உடும்பனின் பதவி உயர்வு தொடர்பாக

உடும்பன் டிராகனைக் கொன்ற பதினோராம் நாள் பதிவுத் தபாலில் ஒரு குறிப்பாணை வந்தது. அவன் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்குப் பதினைந்து நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும் என்று அதில் இருந்தது. அலங்காநல்லூரில் அந்தத் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் சோணை. உடும்பனால் வாங்க முடியாது. அவன் ஒரு தாளில் மட்டுமே இருப்பவன்.

இந்த ஆட்டத்தைப் பார்க்காதவர்கள் உண்டு. மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்காருவார்கள். ஆளுக்கொரு தாள். தாளில் ஒரு கற்பனை ஆள்: போர்வீரன், மந்திரவாதி, வைத்தியச்சி, திருடன், யாராவது. ஒருவர் கதையை நடத்துவார். “குகைக்குள்ள வெளிச்சம் தெரியுது, என்ன செய்யப்போறீங்க?” என்பார். செய்யப்போவதைச் சொல்லிவிட்டு இருபது முகமுள்ள பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் அது நடந்தது. சின்ன எண் விழுந்தால் நடக்கவில்லை. வாரக்கணக்கில், வருடக்கணக்கில் அதே ஆள் தொடர்வான். முதல் நிலையில் தொடங்கி இரண்டு, மூன்று என்று ஏறுவான். ஏற ஏறப் பலம் கூடும். எதைச் செய்தால் ஏறலாம் என்பதில்தான் இந்த ஆட்டங்களை வடிவமைப்பவர்கள் ஊருக்கு ஊர் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். பூதத்தைக் கொன்றால் புள்ளி என்பார் ஒருவர். புதையல் எடுத்தால் புள்ளி என்பார் இன்னொருவர்.

மதுரையில் இந்த ஆட்டத்தைத் தமிழில் எழுதி நடத்தியவர் ஆன்சி. பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கோச்சடையில் அவர் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஆட்டம் தொடங்கும். விதிப் புத்தகம் பன்னிரண்டு பக்கம். அதில் முன்னேற்றத்துக்கு ஒரே ஒரு விதி இருந்தது. எதையாவது முயன்று தோற்று விழுந்தால் தாளில் ஒரு கோடு. பத்துக் கோடு சேர்ந்தால் அடுத்த நிலை. நிலை ஏறியவுடன், அந்த நிமிடமே, ஒரு பகடை கூடுதலாக உருட்டலாம்; பெரிய எண்தான் கணக்கு.

“ஏன் டீச்சர், விழுந்தா எதுக்குக் கோடு? செயிச்சால்ல போடணும்?” என்று சோணை முதல் நாளே கேட்டார்.

“எதுக்குக் கோடு போடுறமோ அதைத்தாண்ணே ஆளுங்க செய்வாங்க. செயிச்சாத்தான் கோடுன்னு வச்சா, செயிக்கிற எடத்துக்கு மட்டும் போவீங்க. தெனமும் வகுப்புல பாக்குறேன்ல.”

சோணைக்கு அது பிடித்துப்போனது. அவர் ஒரு வாரியத்தின் பண்டகசாலையில் பதினான்கு ஆண்டுகளாகத் தற்காலிகப் பணியாளர். எந்த வாரியம் என்பது முக்கியமில்லை. அங்கே நிரந்தரப் பணியாளர்களுக்குக் கட்டம் போட்ட வருகைப் பதிவேடு உண்டு. சோணைக்கு நாற்பது பக்க நோட்டு. கையெழுத்து பென்சிலில் போட வேண்டும். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் கண்காணிப்பாளர் அழிரப்பரை எடுத்து நான்கைந்து நாட்களை அழித்துவிடுவார். தொடர்ந்து வேலை பார்த்தவன் என்று ஒருவன் ஆகிவிட்டால் அப்புறம் அவனை நிரந்தரமாக்க வேண்டியிருக்கும். அதனால் கணக்குப்படி சோணை பதினான்கு ஆண்டுகளும் விட்டு விட்டுத்தான் உயிரோடிருந்தார்.

உடும்பனின் தாளில் மட்டும் எதுவும் அழியவில்லை. சோணையே மூலையில் அவன் படத்தை வரைந்திருந்தார். இடது காது: இல்லை (ஓநாய்). கோடுகளுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் காரணங்கள்: கிணற்றில் குதித்தது, பேயிடம் பேரம் பேசியது, பூட்டை உடைக்கப்போய்க் கத்தியை உடைத்தது. இப்படி ஒன்பது கோடுகள் சேர்ந்திருந்தன. பத்தாவது கோடு விழுவதற்குள் பஞ்சாபகேசன் வந்தார்.

மொட்டைமாடிக்கு முப்பது பேர் வரத் தொடங்கி இடம் போதாமல் இருந்த நேரம் அது. பசுமலையில் மூடிக்கிடந்த ஒரு டுடோரியலின் மாடி ஹாலைத் தன்னால் வாங்கித்தர முடியும் என்றார் அவர். மின்விசிறி பத்து, கழிப்பறை இரண்டு. முப்பத்துநான்கு ஆண்டுகள் ஓர் அலுவலகத்தின் பணியமைப்புப் பிரிவில் மற்றவர்களின் பதவி உயர்வுக் கோப்புகளைப் பார்த்து ஓய்வு பெற்றவர். பகடையைத் தொட்டதில்லை. பன்னிரண்டு பக்கத்தையும் நின்றபடியே படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

“எல்லாரும் மேலே போறா. கோப்பு எங்கே?”

“கோப்பு இல்ல சார். தாள்ல கோடு இருக்கு” என்றார் ஆன்சி.

“கோடு யார் வேணும்னாலும் போடலாமேம்மா.”

“ஆமா சார். அவங்கவங்கதான் போட்டுக்குவாங்க.”

பஞ்சாபகேசன் மாடிக் கைப்பிடிச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். தீ விபத்தை நேரில் பார்த்தவர்கள் அப்படி இருப்பார்கள்.

நான்கு மாதங்களில் மதுரை மண்டலக் கற்பனைப் பாத்திர ஆட்டப் பேரவை முறைப்படி பதிவானது. தலைவர் பஞ்சாபகேசன். பாத்திர முன்னேற்ற விதிமுறைகள் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், பிற்சேர்க்கைகள் தனி. உறுப்பினர்களுக்குப் புகைப்படத்துடன் அடையாள அட்டையும் கழுத்துப் பட்டையும் கொடுத்தார்கள். விதிமுறைகளை ஒருவரும் படிக்காமலேயே ஏற்றுக்கொண்டதற்குக் கழுத்துப் பட்டை ஒரு முக்கியக் காரணம். சோணையும் அதை ஒரு வாரம் கழற்றவில்லை.

புதிய முறையின்படி தாள்களை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. அவை ஹாலில் இரும்பு பீரோவில் இருக்கும். கோடுகள் ரத்து, முயன்று விழுவது திறமைக் குறைவுக்கான ஆதாரம் என்பதால் அதை இனி ரகசியக் குறிப்பேட்டில் எழுதுவார்கள். தாளில் நிலை எண்ணை எழுதும் அதிகாரம் தலைவருக்கு மட்டும், அதுவும் பச்சை மையில் மட்டும். பச்சை மையில் கையெழுத்திடும் தகுதி தனக்கு ஓய்வு பெறுவதற்கு எட்டு மாதங்களுக்கு முன்புதான் கிடைத்தது என்பதைப் பஞ்சாபகேசன் எந்தக் கூட்டத்திலும் சொல்லாமல் விட்டதில்லை.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பணிப்பதிவேடு திறந்தார்கள். செல்போன் கடை வைத்திருக்கும் பால்பாண்டியின் மந்திரவாதி இடிமுழக்கனுக்கு வயது அறுநூறு. ஓய்வு பெறும் வயதைத் தாண்டி ஐந்நூற்று நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டதாகத் தணிக்கையில் ஆட்சேபணை வந்தது. பிறந்த தேதி தவறாகப் பதிவாகிவிட்டது என்று பால்பாண்டி உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து அவனை நாற்பத்தொன்பது ஆக்கினார்.

மண்டலத்துக்கு இரண்டாம் நிலைப் பணியிடங்கள் மொத்தம் ஏழு என்று நிர்ணயித்தார்கள். பேரவை தொடங்கிய அன்று விண்ணப்பத்தை முதலில் கொடுத்த ஏழு பேருக்கு அவை போயின. பால்பாண்டி அதிகாலையிலேயே வந்து வரிசையில் நின்றிருந்தார். இனி யாராவது செத்தால்தான் ஓர் இடம் காலியாகும். ஆகவே அந்த ஏழு பேரும் சாகாமல் இருப்பதில் கவனம் செலுத்தினார்கள். குகை, காடு, பாழடைந்த கோட்டை எதற்கும் போவதில்லை. ஆட்டத்தில் ஊர் நடுவே ஒரு சத்திரம் உண்டு. இரண்டு ஆண்டுகளாக ஏழு பேரும் அந்தச் சத்திரத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஆன்சி, “சத்திரத்துல என்ன செய்றீங்க?” என்று கேட்பார். “இட்லி சாப்பிடுறோம்” என்று பால்பாண்டி சொல்வார். அதற்கு வருகைப் பதிவும் உண்டு. பூதங்களோடு சண்டை போடுவது, சுரங்கத்தில் இறங்குவது, விஷப்பாம்பை மிதிப்பது எல்லாம் முதல் நிலையினர் வேலை.

சோணை துறைத்தேர்வும் எழுதினார். ‘முதல் நிலைப் போர்வீரன் எலும்புக்கூடு ஒன்றை எதிர்கொண்டால் யாருக்கு, எந்தப் படிவத்தில், எத்தனை பிரதிகளில் தெரிவிக்க வேண்டும்?’ என்பது போல நூறு கேள்விகள். தொண்ணூற்றிரண்டு மதிப்பெண் வாங்கினார். காலியிடம் இல்லாததால் முடிவு நிறுத்திவைக்கப்பட்டது.

இதில் ஓர் அவசரமும் இருந்தது. விதி நாற்பத்துநான்கு: மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டாம் நிலையை எட்டாத பாத்திரம் கட்டாய ஓய்வில் அனுப்பப்படும், அதன் தாள் கிழித்து அழிக்கப்படும். உடும்பனுக்கு அந்த மூன்று ஆண்டுகள் டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி முடிகின்றன.

இந்த நிலையில்தான் அக்டோபரில் ஒரு ஞாயிறு, சமவெளியின் ஓரத்துக் குகை ஒன்றை அளந்து அறிக்கை தருமாறு முதல் நிலையினர் ஐந்து பேருக்கு உத்தரவானது. நீளம், அகலம், உள்ளே இருப்பவை. உள்ளே டிராகன் இருந்தது. அளவு நாடா அதன் வாலில் பட்டு அது எழுந்துவிட்டது. நான்கு பேர் ஓடுவதாகச் சொல்லிவிட்டார்கள்.

“வாயத் தெறக்குது” என்றார் ஆன்சி. “உள்ள செவப்பாத் தெரியுது. என்ன செய்யப்போறீங்கண்ணே?”

“தெறந்த வாயில ஈட்டியக் குத்துறேன் டீச்சர்.”

இருபது விழுந்தது. டிராகனுக்கு அது போதாது என்றார் ஆன்சி; இன்னொரு முறை இருபது விழ வேண்டும். சோணை பகடையை உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை ஊதிவிட்டு உருட்டினார். மீண்டும் இருபது. ஹாலில் பத்து மின்விசிறிகளின் சத்தம் தனித்தனியாகக் கேட்டது.

“செத்துருச்சா டீச்சர்?”

“செத்துருச்சுண்ணே.”

முதல் நிலை மேசைகளில் கைதட்டல் எழுந்தது. சத்திரத்து மேசையிலிருந்து பால்பாண்டி எழுந்து வந்து தாளைப் பார்த்தார், பகடையைப் பார்த்தார், பிறகு சோணையைப் பார்த்தார்.

“மாப்ள, யாரக் கேட்டுக் கொன்ன?”

குறிப்பாணையும் அதையேதான் கொஞ்சம் நீளமாகக் கேட்டிருந்தது. முதல் நிலைப் பாத்திரத்தின் அதிகார வரம்பு எலி, வௌவால், நடுத்தர அளவிலான எலும்புக்கூடு ஆகியவற்றோடு முடிகிறது. டிராகன் ஆறாம் நிலைக்குரியது. உரிய முன் அனுமதி பெறாமல், தகுதிக்கு மீறிய உயிரினத்தைக் கொன்றதன் மூலம் மேற்படி உடும்பன் பேரவையின் பணி ஒழுங்குக்குக் குந்தகம் விளைவித்துள்ளான்.

விசாரணை அதிகாரியாக அனந்தலக்ஷ்மி நியமிக்கப்பட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவரும் இரண்டு ஆண்டுகளாக முதல் நிலை வைத்தியச்சி ஒருத்தியை வைத்திருந்தார். அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசுவதில்லை. உடும்பனின் தாள் சான்றாவணமாகக் கோப்பில் கட்டப்பட்டு அவர் முன்னால் இருந்தது.

“டிராகன் எத்தனை மணிக்குச் செத்தது?”

“நாலே முக்கால் இருக்கும் மேடம்.”

“கதையிலயா, கடிகாரத்துலயா?”

சோணை யோசித்தார். “ரெண்டுலயும்.”

“இறப்புச் சான்றிதழ்?”

“டிராகனுக்கா?”

“பின்ன உங்களுக்கா?”

“இல்லைங்க மேடம். கேட்டு வாங்கலாம்னாலும் யாருகிட்டக் கேக்குறதுன்னு தெரியல.”

அனந்தலக்ஷ்மி குறித்துக்கொண்டார். “ஈட்டி யாருடையது? வழங்கல் பதிவேட்டில் குகையை அளக்க ஒரு நாடா, ஒரு விளக்கு. ஈட்டி இல்லையே.”

“அது உடும்பன் சொந்த ஈட்டி.”

“சொந்தக் கருவியைப் பணி நேரத்தில் பயன்படுத்தியிருக்கீங்க.” அதையும் குறித்துக்கொண்டார்.

“அது என்னைய எரிக்க வந்துச்சு மேடம்.”

“சரி. முதல் நிலை ஆள் டிராகனைப் பார்த்தா என்ன செய்யணும்? தேர்வில் எழுதியிருக்கீங்க, சரியாகவே எழுதியிருக்கீங்க.”

“படிவம் பதினேழு, மூணு பிரதி, ஆறாம் நிலைக்கு.”

“ஏன் அனுப்பலை?”

“ஆறாம் நிலையில யாரு மேடம் இருக்கா?”

அனந்தலக்ஷ்மி பதிவேட்டைப் புரட்டினார். கடைசிப் பக்கம்வரை புரட்டிவிட்டு, “மண்டலத்தில் யாரும் இல்லை” என்றார்.

“அப்ப படிவம் எங்க போகும்?”

“போய்ச் சேராது. ஆனா அனுப்பியிருக்கணும்.”

இதைச் சொல்லிவிட்டு அவர் எழுதுவதை நிறுத்தினார். தாளிலிருந்த ஒன்பது கோடுகளையும் அவற்றின் காரணங்களையும் படித்தார். பேயிடம் பேரம் பேசியது என்ற இடத்தில் அவர் உதடு கொஞ்சம் அசைந்தது. பிறகு கோப்பை மூடினார்.

அடுத்த வாரம் பால்பாண்டி பசுமலை பேருந்து நிறுத்தத்தில் சோணையைப் பிடித்து டீக்கடைக்கு அழைத்துப்போனார். கையில் டைப் செய்த ஒரு காகிதம் இருந்தது.

“மாப்ள, கோவிச்சுக்காம கேளு. இதுல ஒரு கையெழுத்து. இடிமுழக்கன் சத்திரத்துல இருந்து போட்ட உத்தரவுப்படி, அவன் வழிகாட்டுதல்ல, உடும்பன் டிராகனக் கொன்னான். அம்புட்டுத்தான். குத்தம் போயிரும், கூட்டுச் சாதனை ஆயிரும். எனக்கு மூணாம் நிலை. என் எடம் காலி. அதுல உன்னைய முப்பத்தொண்ணாந் தேதிக்குள்ள ஏத்திரலாம்னு தலைவரே சொல்லிட்டாரு.”

“ஏத்திருவாரா?”

“பச்ச மையில, மாப்ள.”

சோணை காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மூன்று நாட்கள் பண்டகசாலைக்கும் வீட்டுக்கும் அது கூடவே போய் வந்தது. வேண்டியது இரண்டு என்ற ஒரே ஓர் எண். அது பச்சை மையில் கிடைக்கப்போகிறது. தாள் கிழிபடாது. சாப்பிடும்போதுகூட ஒரு கையால் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான்காம் நாள் செல்போன் கடைக்குப் போனார்.

“மாப்ள, ஒண்ணு கேக்குறேன். அந்த டிராகன் வாயத் தெறந்தப்ப டீச்சர் என்ன சொல்லுச்சு?”

பால்பாண்டிக்குத் தெரியவில்லை.

“உள்ள செவப்பாத் தெரியுதுன்னுச்சு. அன்னிக்கு நீ அடுத்த மேசையில சட்னிக்கு உப்பு பத்தலன்னு சண்டை போட்டுக்கிட்டு இருந்த.” காகிதத்தைக் கல்லாப்பெட்டி மேல் வைத்தார். “கிழிச்சாக் கிழிக்கட்டும். உன் வழிகாட்டுதல்ல நான் ஏற மாட்டேன். வாரேன்.”

டிசம்பர் கடைசி ஞாயிறு பேரவையின் ஆண்டுப் பொதுக்குழு. குத்துவிளக்கு, வரவேற்புரை, மறைந்த பாத்திரங்களுக்கு மௌன அஞ்சலி. மறைந்தவர்கள் அனைவரும் முதல் நிலையினர். பிறகு தலைவர் உரை.

“முப்பத்திநாலு வருஷம் பணியமைப்புப் பிரிவில் இருந்தவன் நான். நூற்றுக்கணக்கான பதவி உயர்வு என் கை வழியாப் போயிருக்கு. ஒருத்தருக்குக்கூட அவர் செய்த காரியத்துக்காக நான் உயர்வு கொடுத்ததில்லை. காரியம் செய்தவனுக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் காரியம் செய்ய ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் யாருக்கு முதலில் கொடுக்கிறது? காத்திருந்தவனுக்குக் கொடுத்தால் தகராறே இல்லை. காத்திருப்பை அளக்கலாம். நாள், மாசம், வருஷம். இருபது வருஷம் காத்திருந்து மேலே வந்தவன் ஒரு தப்பும் செய்யமாட்டான். எதையுமே செய்யமாட்டான்.”

முன்வரிசையில் ஏழு பேரும் கைதட்டினார்கள்.

“மிஸ்டர் சோணைமேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் இல்லை. டிராகன் செத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒரு டிராகன் இப்படிச் செத்தால் அடுத்த டிராகன் எப்படிச் சாகும்? அதை யோசிக்கணும்.”

யோசித்துத் தயாரித்திருந்த தீர்மானம் வாசிக்கப்பட்டது. மேற்படி கொலை அதிகாரமற்றது என்பதால் தொடக்கத்திலிருந்தே செல்லாது. டிராகன் உயிரோடு இருப்பதாகவே கருதப்படும். உடும்பன் முப்பத்தொன்றாம் தேதி மாலை கட்டாய ஓய்வில் செல்வான். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. முதல் நிலையினருக்கு வாக்குரிமை இல்லை.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது, உறுப்பினர்கள் பார்வைக்காக ஒரு மாதிரி ஆட்டம். வழக்கம்போல ஏழு இரண்டாம் நிலையினர் மேசைக்கு வந்தார்கள். உடும்பனின் விசாரணைக் கோப்பு மேசை ஓரத்திலேயே இருந்தது. ஆன்சி உட்காரவில்லை.

“சார், குறிப்புல ஏத்துறதுக்காகக் கேக்குறேன். டிராகன் உயிரோடதான் இருக்கு?”

“தீர்மானம் அப்படித்தாம்மா.”

“எங்க இருக்குன்னு தீர்மானத்துல இல்ல.”

“அது கதை நடத்துறவா அதிகாரம். விதி ஒன்பது.”

“நன்றி சார்.” ஆன்சி மேசையைச் சுற்றிப் பார்த்தார். “எல்லாரும் எங்க இருக்கீங்க?”

“சத்திரத்துல” என்றார் பால்பாண்டி. “இட்லி.”

“சத்திரத்துக் கூரை ஆடுது. ஓடு ரெண்டு விழுது. வாயில ஈட்டி குத்துன காயத்தோட, பசியோட, ஒண்ணு மேல உக்காந்திருக்கு.”

“என்ன செய்யப்போறீங்க?” என்றார் ஆன்சி.

பால்பாண்டி பகடைக் கிண்ணத்தைப் பார்த்தார். இரண்டு ஆண்டுகளாக அவர் எதையும் உருட்டவில்லை. “இதுல எது டீச்சர்?” என்றார். இடிமுழக்கனின் மந்திரங்கள் எழுதிய காகிதம் பீரோவில் இருந்தது. முதல் ஆள் எரிந்தான். இரண்டாம் ஆள் மேசைக்கு அடியில் ஒளிவதாகச் சொன்னான், மேசையோடு எரிந்தான்.

“சோணை, வா மாப்ள, வந்து குத்து” என்றார் பால்பாண்டி.

“எனக்கு எலியும் வௌவாலுந்தான் மாப்ள. படிவம் பதினேழு வேணும்னாத் தாரேன்.”

பஞ்சாபகேசன் எழுந்துவிட்டார். அவர் நிர்ணயித்த பணியிடங்கள் அவர் கண்ணெதிரே குறைந்துகொண்டிருந்தன. “மிஸ்டர் சோணை, நான் சொல்றேன். கொல்லுங்கோ.”

“எழுத்துல குடுங்க சார்.”

தலைவர் பச்சைப் பேனாவைத் திறந்தார். முப்பத்துநான்கு ஆண்டுகளில் அவர் ஒருவனை ஏதாவது செய்யச் சொல்லி உத்தரவு எழுதியதில்லை. ‘பொருள்’ என்று எழுதினார். ‘பார்வை’ என்று எழுதிவிட்டு எதைப் பார்வையிடுவது என்று தேடினார். ‘பரிசீலிக்கப்பட்டு’ என்ற இடத்தில் நான்காவது ஆள் எரிந்தான். ‘எனினும்’ என்ற இடத்தில் இடிமுழக்கன் எரிந்தான். பால்பாண்டி கழுத்துப் பட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். உத்தரவு இரண்டாம் பத்திக்கு வந்தபோது ஏழு பேரும் முடிந்திருந்தார்கள்.

“சத்திரத்து மாடியில ஒரு சத்தம்” என்றார் ஆன்சி. “சமையக்காரி. அவ பேரு தங்கம். இம்புட்டு நாளா இட்லி ஊத்துனவ. படிக்கட்டு எரியுது.”

“அவ எந்த நிலை?” என்று அனந்தலக்ஷ்மி கேட்டார்.

“நிலை இல்ல மேடம். பட்டியல்லயே இல்ல.”

சோணை மேசைக்கு வந்தார். “நான் மாடிக்குப் போறேன் டீச்சர்.”

“உத்தரவு இன்னும் முடியலை” என்றார் பஞ்சாபகேசன்.

“இது உங்க உத்தரவுல போறதில்ல சார்.”

உருட்டினார். மூன்று. பின்வரிசையில் யாரோ நாக்கால் உச்சுக்கொட்டினார்கள்.

“படி உடையுது” என்றார் ஆன்சி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “விழுந்துட்டீங்க. கால் ஒடிஞ்சிருச்சு.”

சோணை கோப்பை இழுத்துக் கயிற்றை அவிழ்த்து உடும்பனின் தாளை வெளியே எடுத்தார். யோசித்துக்கொண்டிருந்த தலைவர் பேனாவை மேசையில் வைத்திருந்தார். சோணை அதை எடுத்தார். ஒன்பது கோடுகளுக்குப் பக்கத்தில் பத்தாவது கோட்டைப் போட்டார். ‘சத்திரத்துப் படிக்கட்டு’ என்று எழுதினார். நிலை என்ற கட்டத்தில் ஒன்றை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினார். எல்லாம் பச்சை. பேனாவை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

“பத்து ஆயிருச்சு டீச்சர். இன்னொரு பகடை குடுங்க.”

“அது செல்லாது” என்றார் பஞ்சாபகேசன். “அந்த மையில் எழுத உமக்கு யார் அதிகாரம் கொடுத்தா?”

“விழுந்தவன் நாந்தான சார்.”

ஆன்சி இரண்டாவது பகடையை அவர் பக்கம் தள்ளினார். சோணை இரண்டையும் உருட்டினார். ஒன்றில் நான்கு விழுந்தது. மற்றது மேசையைத் தாண்டிச் சுவரில் மோதித் திரும்பி, பதினேழில் நின்றது.

“நொண்டிக்கிட்டே ஏறிட்டீங்க. தூக்கிட்டீங்க. சத்திரம் இடிஞ்சு விழுறதுக்குள்ள ரெண்டு பேரும் வெளிய வந்துட்டீங்க” என்றார் ஆன்சி. “டிராகன் பறந்துபோயிருச்சு. அது உயிரோடதான் இருக்கு. தீர்மானம் அப்படி.”

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. பிறகு முதல் நிலையினர் ஒவ்வொருவராக எழுந்து பீரோவுக்கு முன்னால் வந்து நின்றார்கள். சாவிக்கொத்து விசாரணைக்காக அனந்தலக்ஷ்மியிடம் இருந்தது. தலைவர் அவரைப் பார்த்தார்.

“வரிசையா வாங்க” என்றார் அனந்தலக்ஷ்மி, தலைமையாசிரியைக் குரலில். “அவங்கவங்க தாளை அவங்கவங்க எடுத்துக்கணும். தள்ளக் கூடாது. முதல்ல என்னோடதை எடுத்துக்கறேன்.”

மறுநாள் காலை சோணை பெரியார் பேருந்து நிலையம் பக்கம் ஒரு கடையில் பத்து ரூபாய்க்குப் பச்சை மைப் பேனா கேட்டார். கடைக்காரர் எந்தச் சான்றும் கேட்கவில்லை. எழுதிப் பார்க்கக் காகிதம் மட்டும் கொடுத்தார்.

செவ்வாயன்று வாட்ஸ்அப்பில் ஒரு குறிப்பாணையின் படம் வந்தது. அசல் தபாலில் தொடரும் என்றிருந்தது. மண்டலத்தின் ஏழு இரண்டாம் நிலைப் பணியிடங்களும் காலியாக உள்ளன. அவற்றை நிரப்பத் தகுதியுள்ளவர் எவரும் இல்லை. இந்நிலையில் தகுதியற்ற நபர் பச்சை மையைப் பயன்படுத்தியது குறித்து விளக்கம் தேவை. சோணை ஒரு வரியில் பதில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினார்: ‘உடும்பன் இரண்டாம் நிலை. தகவலுக்காக.’ எழுதியது பச்சை மையில்.

புதன்கிழமை டிசம்பர் முப்பத்தொன்று. பண்டகசாலையில் மாதக் கடைசி வேலை. கண்காணிப்பாளர் டிராயரிலிருந்து அழிரப்பரை எடுத்துக்கொண்டு நாற்பது பக்க நோட்டைத் திறந்தார். அந்த மாதத்தின் பென்சில் கையெழுத்துகள் ஒவ்வொன்றின் மேலும் சோணை பச்சை மையால் எழுதியிருந்தார். ஒரு நாளும் விடுபடவில்லை.

“என்னய்யா இது? யாரக் கேட்டு எழுதுன?”

“யாரையும் கேக்கல சார். வந்தேன், எழுதுனேன்.”

கண்காணிப்பாளர் ஒரு கையெழுத்தின் மேல் அழிரப்பரை வைத்து இரண்டு முறை தேய்த்தார். ரப்பர்தான் பச்சையானது. ஜன்னல் பக்கம் நோட்டைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு அழிரப்பரை டிராயரில் வைத்து மூடினார்.